கடற் கடிகாரம் கண்ட தச்சர்

நமது சங்கத்தின் ஆண்டு மலரில் பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுதல் வழக்கம். புலவர்களையும் அரசர்களையும் நாட்டுத் தலைவர்களையும் பற்றி அன்பர்கள் பலர் முன்னரே எழுதியுள்ளனர். இவ்வாண்டு தச்சர் ஒருவரின் வரலாற்றை எழுத முன்வந்துள்ளேன். அவர் நம் நாட்டவர் அல்லர். பள்ளிக்கூடத்தில் முறையாகப் பயின்றவரும் அல்லர். ஆயினும் கடிகாரத்தைப் பார்த்துப் பிழைக்கும் ரயில்வேக் குடும்பங்கள் நிறைந்த நம் காலனியில், ஜான் ஹாரிஸன் என்னும் அப்பெரியாரின் பெயரைச் சிறுவர்களும் அறிந்திருத்தல் நலம் என்று எண்ணுகிறேன்.

நடுக்கடலில் செல்லும் கப்பல் தான் இருக்கும் இடத்தை அறிவது எவ்வாறு? வடக்கு தெற்காக எவ்வளவு தொலைவு என்பதை அறிதல் எளிது. நண்பகலில் சூரியன் நிற்கும் உயரத்தையோ, இரவில் துருவ நட்சத்திரத்தின் உயரத்தையோ அளந்தால் அட்சரேகை கிடைத்துவிடும். கிழக்கு மேற்காக எவ்வளவு என்பதே கடினம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிஷம். கல்கத்தாவில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே பம்பாயில் உச்சிக்கு வருகிறான். ஆகவே, கப்பலில் உள்ள மாலுமி சூரியனைக் கொண்டு அவ்விடத்து நண்பகலைக் கண்டு, அதே கணத்தில் தன் துறைமுகத்தில் மணி என்ன என்பதையும் அறிவானாயின், இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு தீர்க்கரேகையைச் சொல்லிவிடலாம். வேண்டுவது ஒன்றே: துறைமுகத்தின் நேரத்தை மாதக்கணக்கில் பிசகாமல் சுமந்து செல்லும் ஒரு கடிகாரம்.

இங்கு நம்மவர்க்கு உரிய ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். நேரத்திற்கும் தீர்க்கரேகைக்கும் உள்ள இந்த உறவினால்தான் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு அமைந்த வான்நோக்குக் கூடம் பின்னாளில் இந்திய ரயில்களுக்கே மணி காட்டும் பேற்றைப் பெற்றது. 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் வழக்கிற்கு வரும்வரை, நெடுங்காலம் ரயில்கள் ஓடியது சென்னை நேரப்படியே. அது கிரீனிச் நேரத்திற்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியது. லாகூரில் புறப்பட்ட வண்டியும் சென்னைக் கணக்கில்தான் புறப்பட்டது என்பதை நினைக்கும்போது, வடக்கே வந்து குடியேறிய நமக்குச் சற்றுப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஹாரிஸன் காலத்திற்குத் திரும்புவோம். 1707ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கடற்படைத் தளபதி சர் கிளௌட்ஸ்லி ஷவல் என்பவரின் கப்பற்கூட்டம் தாயகம் திரும்புகையில், இருக்கும் இடம் தெரியாமல் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சில்லித் தீவுகளின் பாறைகளில் இரவில் மோதியது. நான்கு கப்பல்கள் மூழ்கின. தளபதி உட்பட ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீட்டு வாயிலில் வந்து மடிந்தவர்கள் அவர்கள். இதுபோன்ற அழிவுகள் பெருகவே, 1714ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் கண்டறியும் வழியைக் காட்டுவோர்க்கு 20,000 பவுன் பரிசு. மூன்றில் இரண்டு பாகைக்குள் என்றால் 15,000. ஒரு பாகைக்குள் என்றால் 10,000. அந்நாளில் அது ஒரு ஜமீனுக்கு நிகரான செல்வம். அப்பரிசை நிர்வகிக்கத் தீர்க்கரேகைக் கழகம் ஒன்றும் ஏற்பட்டது.

அரைப் பாகை என்பது இரண்டு நிமிஷ நேரம். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்ல ஆறு வாரம் ஆகும் எனில், நாளொன்றுக்கு மூன்று விநாடிக்கு மேல் கடிகாரம் பிசகலாகாது. அக்காலத்துச் சட்டைப்பைக் கடிகாரங்களோ நாளொன்றுக்கு ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் பிசகிக்கொண்டிருந்தன. கப்பலின் ஆட்டமும், வெப்பமும் குளிரும், ஈரமும் கடிகாரத்தைக் கெடுக்கும் என்பதைச் சர் ஐசக் நியூட்டனே எடுத்துரைத்திருந்தார். ஆகவே, அறிஞர் பலரும் கடிகாரத்தைக் கைவிட்டு, சந்திரன் நட்சத்திரங்களுக்கிடையே நகரும் கதியைக் கொண்டு விடை காண முயன்றனர். வானமே கடிகாரமாக இருக்க, பித்தளைச் சக்கரங்களை யார் நம்புவார்?

ஜான் ஹாரிஸன் 1693ஆம் ஆண்டில் யார்க்ஷயரிலுள்ள ஃபௌல்பி என்னும் சிற்றூரில் தோன்றினார். தந்தை ஹென்றி, தச்சர். குடும்பம் சில ஆண்டுகளில் ஹம்பர் நதிக்குத் தெற்கே பாரோ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஆறு வயதில் அம்மை கண்டு படுத்திருந்தபோது விளையாட ஒரு கடிகாரத்தைக் கையில் கொடுத்தனர் என்றும், அதன் ஓசையைக் கேட்டபடியே நாட்களைக் கழித்தார் என்றும் ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, பிள்ளைக்குப் படிப்பில் தாகம் இருந்தது மெய். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சாண்டர்ஸனின் இயற்கை நூல் விரிவுரைகளின் படி ஒன்றை ஒரு பாதிரியார் இரவல் கொடுக்க, அதை முழுவதும், படங்கள் உட்படத் தம் கையாலேயே எழுதிப் படியெடுத்து, வாழ்நாள் முழுவதும் வைத்திருந்தார். புத்தகம் வாங்க வழியின்றி இரவல் நூலைக் கையால் எழுதிப் படித்த தலைமுறை நம்மிடையேயும் இருந்ததால், இதன் அருமை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

1713ஆம் ஆண்டில், இருபது வயதில், தம் முதற் கடிகாரத்தைச் செய்தார். தச்சர் அல்லவா? பற்சக்கரங்களையும் கருவாலி மரத்தில்தான் செய்தார். பல்லொன்றும் உடையாதபடி மரத்தின் ரேகை ஒவ்வொரு பல்லிலும் வெளிநோக்கி ஓடுமாறு துண்டுகளைப் பொருத்தினார். அக்கடிகாரத்தின் உள்ளுறுப்பு இன்றும் லண்டனில் இருக்கிறது. பின்னர் 1720களின் தொடக்கத்தில் பிராக்கிள்ஸ்பி மாளிகைக்கு ஒரு கோபுரக் கடிகாரம் செய்தார். கடிகாரங்களைக் கெடுப்பது எண்ணெய் என்பதை அவர் கண்டிருந்தார். அந்நாளைய எண்ணெய் குளிரில் உறையும்; நாள்பட்டால் பிசினாகும். ஆகவே தன்னுள்ளேயே நெய்ப்பசை கொண்ட லிக்னம் விட்டே என்னும் கடினமான மரத்தில் உருளைகளைச் செய்து, எண்ணெயே இடாமல் ஓடும்படி செய்தார். பழுதாகும் பொருளை அடிக்கடி பழுது பார்ப்பதைவிட, அப்பொருளே வேண்டாதபடி செய்துவிடுவது அவர் வழி. அக்கடிகாரம் முந்நூறு ஆண்டுகளாக அங்கே ஓடி வருகிறது.

இவ்விடத்தில் கடிகாரம் என்பது யாது என்று சற்று நின்று நோக்குதல் வேண்டும். எந்தக் கடிகாரமாயினும் மூன்று பகுதிகளே உள்ளன. ஒரே சீராக ஆடுகின்ற பொருள் ஒன்று. அந்த ஆட்டம் ஓய்ந்துவிடாமல் அவ்வப்போது தள்ளிவிடும் விசை ஒன்று. ஆட்டங்களை எண்ணி முள்ளை நகர்த்தும் சக்கரக் கூட்டம் ஒன்று. எண்ணுவது எளிது. தள்ளுவதும் அத்துணைக் கடினமன்று. எதனை ஆடவிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆடும் பொருள் பிசகினால் எண்ணிக்கை எவ்வளவு திருத்தமாயிருந்தும் பயன் யாது? ஹாரிஸனின் வாழ்க்கை முழுவதும், ஏறக்குறைய அறுபது ஆண்டுகள், இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதிலேயே கழிந்தது எனலாம்.

அவர் முதலில் நம்பியது பெண்டுலம். பெண்டுலத்தின் கதி அதன் நீளத்தைப் பொறுத்தது. எஃகுக் கம்பியோ வெப்பத்தில் நீளும். 10 பாகை வெப்பம் ஏறினால் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 5 விநாடி தாமதிக்கும். பித்தளை எஃகைவிட அதிகம் நீளும் என்பதைக் கண்டு, இரண்டையும் மாற்றி மாற்றி ஒன்பது கம்பிகளாக நிறுத்தி, எஃகு கீழ்நோக்கி நீளும்போது பித்தளை மேல்நோக்கி நீண்டு அதைச் சரிக்கட்டுமாறு ஒரு பெண்டுலம் அமைத்தார். அடுப்புக் கம்பித்தட்டு போன்ற தோற்றமுடையதால் அதற்கு அப்பெயரே ஆங்கிலத்தில் வழங்குகிறது. தள்ளும் விசைக்கும், உராய்வே இல்லாதபடி வெட்டுக்கிளியின் காலைப் போலத் தொட்டு விலகும் ஓர் உறுப்பைக் கண்டார். தம்பி ஜேம்ஸும் துணைநின்றார். இங்ஙனம் 1720களின் பிற்பகுதியில் அவ்விருவரும் செய்த கடிகாரங்கள் மாதத்திற்கு ஒரு விநாடிக்கு மேல் பிசகவில்லை என்று ஹாரிஸன் கணக்குக் காட்டினார்.

ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு ஒரு விநாடியை எதனோடு ஒப்பிட்டு அளந்தார் என்று கேட்கலாம். அண்டை வீட்டுப் புகைபோக்கியின் விளிம்பே அவருடைய கருவி. தம் சன்னற் சட்டத்தின் ஓரத்தோடு அவ்விளிம்பைச் சேர்த்து நோக்கியபடி, நட்சத்திரம் ஒன்று அதன் பின்னே மறையும் கணத்தை இரவுதோறும் குறித்துக்கொள்வார். ஒவ்வோர் இரவும் அந்நட்சத்திரம் 3 நிமிஷம் 56 விநாடி முந்தி மறையவேண்டும் என்பது வானத்தின் விதி. அவ்விதியிலிருந்து கடிகாரம் எவ்வளவு விலகுகிறது என்பதைப் பார்த்துப் பிழை கண்டார். நள்ளிரவுக் குளிரில் ஒருவர் விநாடிகளை எண்ண, மற்றவர் நட்சத்திரத்தை நோக்கி நின்ற அக்காட்சியை நினைக்கையில் எனக்குப் பெருவியப்பு உண்டாகிறது.

அவர் இசையும் அறிந்தவர். ஊர்க் கோயிற் பாடகர் குழுவை நடத்தினார். மணிகளுக்குச் சுருதி கூட்டினார். சுரங்களின் இடைவெளி பற்றி ஆராய்ந்தார். அதிர்வைக் காதால் அறிந்தவர்க்குக் கடிகாரத்தின் அதிர்வு பிடிபட்டதில் வியப்பில்லை.

நிலத்தில் வெற்றி கண்ட பெண்டுலம் கடலில் உதவாது. கப்பல் ஆடும்போது பெண்டுலமும் தறிகெட்டு ஆடும். மேலும், பூமியின் ஈர்ப்பு எங்கும் ஒரே அளவில் இல்லை. 1672ஆம் ஆண்டில் பாரிசிலிருந்து தென்னமெரிக்காவிலுள்ள கயேன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்ட ஒரு பெண்டுலக் கடிகாரம், நாளொன்றுக்கு இரண்டரை நிமிஷம் தாமதித்ததை அறிஞர் கண்டிருந்தனர். ஆகவே ஈர்ப்பை நம்பாமல் சுருள்வில்லை நம்பி ஆடும் ஒரு பொருளை ஹாரிஸன் சிந்தித்தார். அதன் படங்களை எடுத்துக்கொண்டு 1730ஆம் ஆண்டில் லண்டன் சேர்ந்தார். அரச வானவியலாளர் எட்மண்ட் ஹாலி அவரைப் புகழ்பெற்ற கடிகாரத் தொழிலர் ஜார்ஜ் கிரஹாமிடம் அனுப்பினார். முன்பின் அறியாத நாட்டுப்புறத் தச்சர் ஒருவரிடம் நாள் முழுவதும் உரையாடி, விருந்தளித்து, வட்டியுமின்றிப் பணமும் கொடுத்தனுப்பினார் கிரஹாம். ஒரே தொழிலில் உள்ளவர்க்குள் இத்தகைய பெருந்தன்மை அரிது.

ஐந்தாண்டு உழைப்பில், 1735இல், முதற் கடற் கடிகாரம் உருவாயிற்று. எடை ஏறக்குறைய 34 கிலோ. இரு முனைகளிலும் பித்தளைக் குண்டுகளைக் கொண்ட இரண்டு தண்டுகள், ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு எதிரெதிராக ஆடும். கப்பலின் ஆட்டம் ஒரு தண்டை விரைவுபடுத்துமாயின் மற்றதைத் தாமதப்படுத்தும், இரண்டும் கழிந்துவிடும். 1736இல் அதைக் கப்பலேற்றி லிஸ்பன் நகருக்குச் சென்று வந்தார். திரும்பும் வழியில் கரை தென்பட்டபோது, மாலுமிகள் ஓரிடம் என்றனர். ஹாரிஸன் தம் கணக்கின்படி அது லிஸர்டு முனை என்றார். அவர் கூறியதே சரியாயிற்று. மாலுமிகளின் கணக்கு 60 மைல் பிழைபட்டிருந்தது.

வேறொருவராயின் அப்பொழுதே மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சோதனைப் பயணம் கேட்டுப் பரிசையும் நாடியிருப்பார். ஹாரிஸனோ கழகத்தார் முன் சென்று தம் கடிகாரத்தின் குறைகளைத் தாமே எடுத்துரைத்து, இன்னும் சிறந்ததொன்று செய்யப் பொருளுதவி மட்டும் வேண்டினார். 500 பவுன் இசைந்தனர். இரண்டாவது கடிகாரம் சில ஆண்டுகளில் முடிந்தது. கப்பல் திரும்பும்போது தண்டுகள் பாதிக்கப்படுகின்றன என்பதைக் கண்டு, அதைக் கடலுக்கு அனுப்பாமலே ஒதுக்கினார். மூன்றாவதைத் தொடங்கினார். அது 19 ஆண்டுகளை விழுங்கியது.

அந்த 19 ஆண்டுகளில் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். தண்டுகளுக்குப் பதில் வட்டச் சக்கரங்களை ஆடவிட்டார்; எழுநூற்றுக்கு மேற்பட்ட உறுப்புகளைக் கோத்தார்; பிரித்தார்; மீண்டும் கோத்தார். கழகம் அவ்வப்போது சிறு தொகைகள் அளித்தது.  இளைய மகன் வில்லியம் வளர்ந்து துணைக்கு வந்தார். அக்கடிகாரம் அவர் விரும்பியபடி கடைசிவரை அமையவில்லை. ஆயினும் அதிலிருந்து உலகிற்கு இரண்டு செல்வங்கள் கிடைத்தன. பித்தளைத் தகட்டையும் எஃகுத் தகட்டையும் சேர்த்து அறைந்தால் வெப்பத்தில் அது வளையும். அவ்வளைவைக் கொண்டே கடிகாரத்தின் வெப்பப் பிழையைத் திருத்தலாம் என்பது ஒன்று. இன்று நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி அளவுக்கு மீறிச் சூடேறாமல் தானே அணைவது அவ்வகைத் தகட்டினால்தான். உருளைகளைக் கூண்டில் அடைத்து உராய்வைக் குறைக்கும் அமைப்பு மற்றொன்று; ரயில் பெட்டிகளின் அச்சில் உள்ள ரோலர் பேரிங் அதன் வழி வந்ததே. நம் யார்டில் நிற்கும் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஹாரிஸன் கொஞ்சம் இருக்கிறார்.

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1753ஆம் ஆண்டில் தம் சொந்த உபயோகத்துக்கென, தாம் கூறிய முறைப்படி, ஜான் ஜெஃப்ரிஸ் என்னும் தொழிலாளரைக் கொண்டு ஒரு சட்டைப்பைக் கடிகாரம் செய்வித்தார். அது எதிர்பாராத அளவுக்குத் திருத்தமாக ஓடிற்று. அறுபது வயதில், இருபது ஆண்டு உழைப்பு எதிரே மேசைமேல் பெரும் பாரமாக நிற்க, அச்சிறு பொருளை உற்று நோக்கினார். பெரிய கனமான பொருள் மெல்ல ஆடினால் கப்பலின் ஆட்டமும் அதே கதியில் வந்து அதைக் கலைத்துவிடும். சிறிய சக்கரமொன்று மிக விரைவாகவும் மிகுந்த வீச்சோடும் ஆடுமாயின், கப்பலின் மெதுவான ஆட்டம் அதனிடம் எடுபடாது. இதுவே அவர் கண்ட உண்மை. அறிவாளர்க்கும் அரிதான மனவலிமை இதற்கு வேண்டும். தாம் இத்தனைக் காலம் பெற்று வளர்த்ததை ஒதுக்கி வைக்கும் வலிமை அது.

இங்ஙனம் பிறந்ததே நான்காவது கடிகாரம். 1759இல் முடிந்தது. குறுக்களவு 13 சென்டிமீட்டர். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. முதலிரு கடிகாரங்கள் விநாடிக்கு ஒருமுறை துடித்தன. இதன் பாலன்ஸ் சக்கரம் விநாடிக்கு ஐந்து முறை துடித்தது. தள்ளும் விசை என்றும் ஒரே அளவாயிருக்கும் பொருட்டு, ஏழரை விநாடிக்கொரு முறை தானே முறுக்கிக்கொள்ளும் சிறு சுருள்வில்லையும் வைத்தார். உராயும் இடங்களில் வைரமும் மாணிக்கமும் பதித்தார். மேலட்டையில் வெண்ணிறப் பீங்கான் பூச்சு, கொடிக்கோலம். பார்ப்பதற்கு ஒரு பெரிய சட்டைப்பைக் கடிகாரமே.

இந்த உண்மை இன்றும் மாறவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் பொறியியல் படிக்கும் ஒரு பையன், மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லு ஒன்றைக் கொண்டு விளக்கெண்களில் மணி காட்டும் கடிகாரம் செய்தான். அது நாளொன்றுக்குப் பல நிமிஷங்கள் பிசகிற்று. எழுதிய கணக்கில் குறையில்லை. சில்லுக்குள்ளேயே அமைந்த ஆஸிலேட்டரை நம்பியதே குறை. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை என்றாலே நாளொன்றுக்கு 14 நிமிஷம் 24 விநாடி ஆகிவிடும். பிறகு விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தை வாங்கிப் பொருத்தினான். அந்த எண் ஏன் என்று கேட்டேன். 15 முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும் என்றான். பிழை நாளொன்றுக்கு இரண்டு விநாடி அளவிற்கு இறங்கிற்று. கோடையில் மட்டும் இன்னும் ஒரு விநாடி கூடுதலாகத் தாமதித்தது. ஏனெனில் அப்படிகம் 25 பாகை வெப்பத்தில் சரியாக ஓடுமாறு வெட்டப்பட்டது. 45 பாகையில் தளரும். முடிவில், தன் வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் படிகச் சில்லு ஒன்றை வைத்தான். அவ்வகைச் சில்லின் பிழை ஆண்டுக்கு ஒரு நிமிஷத்தை ஒட்டியே இருக்கும். விரைவாக அதிரும் பொருளைத் தேர்தல், வெப்பத்தைத் திருத்துதல் என்ற இரண்டையும் ஹாரிஸன் பித்தளையிலும் எஃகிலும் செய்து முடித்திருந்தார் என்று அவனிடம் சொன்னேன். அவன் பெயரையே கேட்டதில்லை என்றான். இக்கட்டுரை எழுத அதுவும் ஒரு காரணம்.

1761ஆம் ஆண்டு நவம்பரில் நான்காவது கடிகாரம் டெப்ட்ஃபோர்டு என்னும் கப்பலில் ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. தந்தைக்கு வயது 68. ஆகவே வில்லியம் உடன் சென்றார். வழியில் கப்பலில் இருந்த பீர் கெட்டுப்போய் மாலுமிகள் கலங்கினர். மதெய்ரா தீவு எப்பொழுது வரும் என்பதில் கப்பல் தலைவருக்கும் வில்லியமுக்கும் கணக்கு வேறுபட்டது. கடிகாரத்தை நம்பி வில்லியம் குறித்தபடியே மறுநாட் காலையில் தீவு எதிரே நின்றது. ஜமைக்கா சேர்ந்து பார்க்கையில், 81 நாட்களில் கடிகாரம் பிசகியது 5.1 விநாடி மாத்திரமே. தூரத்தில் அது ஏறக்குறைய ஒரே கடல் மைல். சட்டம் அனுமதித்ததோ 30 மைல்.

பரிசு வரவில்லை. ஒருமுறை தற்செயலாக அமைந்திருக்கலாம் என்றனர் கழகத்தார். 1764இல் பார்படோஸுக்கு இரண்டாம் பயணம். 47 நாட்களில் பிழை 39.2 விநாடி, அதுவும் சட்டத்தின் அளவுக்கு மூன்று பங்கு மேலான திருத்தம். அப்பொழுதும் முழுப் பரிசு வரவில்லை. 1765இல் புதுச் சட்டம் ஒன்று வந்தது: கடிகாரத்தைப் பிரித்துக் காட்டி இரகசியத்தை விளக்கி, நான்கு கருவிகளையும் ஒப்படைத்தால் பாதிப் பரிசு, அதே போல் மேலும் செய்துகாட்டினால் மீதி என்பது அதன் சாரம். ஹாரிஸன் கொதித்தெழுந்தார். வேறு வழியின்றி இசைந்தார். நிபுணர் குழுவின் முன்னே தம் இல்லத்தில் கடிகாரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டினார்.

இக்கதையைச் சொல்வோர் பலர், அவ்வாண்டில் அரச வானவியலாளராக வந்த நெவில் மாஸ்கெலின் என்பவரைக் கொடியவராகவே தீட்டுவர். நான் அவ்வாறு கருதவில்லை. அவர் சந்திரனைக் கொண்டு அளக்கும் முறையை நம்பியவர். அதற்கான கடற் பஞ்சாங்கத்தை 1767ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு, ஏழை மாலுமிக்கும் ஒரு வழி காட்டியவர். கடிகாரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்யத் தெரிந்தவரும் ஒரு கிழவர்தான். பிறரால் அதைச் செய்ய இயலுமா என்று கழகம் கேட்டது நியாயமே. கோப்புகளோடு வாழும் எனக்கு அது புரிகிறது. ஆனால், பந்தயம் ஓடி முடிந்த பின் எல்லைக்கோட்டைத் தள்ளி வைத்ததும், தம் முறைக்குப் போட்டியான கருவியைச் சோதிக்கும் பொறுப்பை மாஸ்கெலினிடமே ஒப்படைத்ததும் நியாயமல்ல. 1766இல் கருவிகளைக் கிரீனிச்சுக்கு எடுத்துச் செல்ல அவர் வந்தபோது, முதற் கடிகாரம் ஆட்களின் கைதவறிக் கீழே விழுந்தது. அங்கு நடந்த சோதனையில் நான்காவது கடிகாரம் நம்பத்தகாதது என்று அறிக்கை வெளியாயிற்று.

ஹாரிஸன் மீண்டும் பட்டறையில் அமர்ந்தார். எழுபத்தைந்தைக் கடந்த வயது. கண்பார்வை மங்கி வந்தது. தம் கருவியே கையில் இல்லாத நிலையில், ஐந்தாவது கடிகாரத்தை மகனோடு சேர்ந்து 1770இல் முடித்தார். 1772இல் வில்லியம் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு நேரே முறையிட்டார். விஞ்ஞானத்தில் ஆர்வமுடைய அம்மன்னர், ரிச்மண்டிலிருந்த தம் சொந்த வான்நோக்குக் கூடத்தில் அதை வைத்துப் பத்து வாரம் தாமே சோதித்தார். தொடக்கத்தில் அது தாறுமாறாக ஓடிற்று என்றும், அருகிலிருந்த அலமாரியில் காந்தக்கற்கள் கிடப்பது மன்னருக்கு நினைவு வந்து அவற்றை அகற்றியதும் சீரடைந்தது என்றும் சொல்வர். நாளொன்றுக்கு மூன்றில் ஒரு விநாடிக்குள்ளேயே அதன் பிழை அடங்கிற்று. மன்னரின் ஆதரவோடு விண்ணப்பம் பார்லிமெண்டுக்குச் சென்றது. 1773ஆம் ஆண்டில் 8,750 பவுன் வழங்கப்பட்டது. அது கழகம் அளித்த பரிசன்று, பார்லிமெண்டின் கொடை. சட்டம் வாக்களித்த அப்பெரும் பரிசு, பரிசு என்ற பெயரில், எவருக்கும் எக்காலத்தும் வழங்கப்படவேயில்லை.

1776ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், லண்டன் ரெட் லயன் சதுக்கத்திலிருந்த இல்லத்தில் ஹாரிஸன் காலமானார். வயது 83. ஹாம்ஸ்டெட் தேவாலய வளாகத்தில் அடக்கமானார்.

அவர் கண்மூடுமுன்னரே கடல் தீர்ப்பளித்துவிட்டது. லார்க்கம் கெண்டல் என்பவர் நான்காவது கடிகாரத்தை அப்படியே படியெடுத்துச் செய்த கருவியைக் காப்டன் ஜேம்ஸ் குக் தம் இரண்டாம் உலகப் பயணத்தில், 1772 முதல் 1775 வரை, பனிக்கடலிலிருந்து வெப்பமண்டலம் வரை எடுத்துச் சென்றார். முதலில் ஐயுற்ற குக், திரும்பும்போது அதையே நம்பினார். பின்னர் ஆர்னல்டு, எர்ன்ஷா முதலிய தொழிலர்கள் அமைப்பை எளிதாக்கி விலையைக் குறைத்தனர். 1831இல் டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலில் 22 கடற் கடிகாரங்கள் இருந்தன.

ஹாரிஸனின் சொந்தக் கருவிகளோ கிரீனிச்சில் நெடுங்காலம் துருவும் களிம்பும் ஏறிக் கிடந்தன. 1920இல் ரூபர்ட் கூல்டு என்னும் கடற்படை அதிகாரி அவற்றைக் கண்டு மனம் பொறாமல், பல ஆண்டுகள் ஊதியமின்றி உழைத்துத் துடைத்து ஓடச் செய்தார். முதல் மூன்று கடிகாரங்களும் கிரீனிச்சில் மீண்டும் ஆடத் தொடங்கின. நான்காவதை அங்கே ஓடவிடுவதில்லை. அதற்கு எண்ணெய் வேண்டும், ஓடினால் தேயும்.

இன்னும் ஒன்று உண்டு. இறப்பதற்கு முந்திய ஆண்டில், 1775இல், ஹாரிஸன் ஒரு நூல் வெளியிட்டார். நடையோ மிகக் கரடுமுரடு. அதில், தம் முறைப்படி அமைத்த பெண்டுலக் கடிகாரம் நூறு நாட்களில் ஒரு விநாடிக்கு மேல் பிசகாது என்று எழுதியிருந்தார். அக்காலத்து விமரிசகர்கள் அதைக் கிழவரின் பிதற்றல் என்று எள்ளி நகையாடினர். இருநூற்றைம்பது ஆண்டு அளவில், அந்நூலின் முறையைப் பின்பற்றி மார்ட்டின் பர்ஜஸ் என்னும் கலைஞர் தொடங்கி, பிறர் முடித்த ஒரு கடிகாரத்தைக் கிரீனிச்சில் முத்திரையிட்ட பெட்டிக்குள் வைத்து ஓட்டிப் பார்த்தனர். 2015ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. நூறு நாட்களில் அது பிசகியது ஒரு விநாடியில் எட்டில் ஐந்து பங்கு.